ஜூனா, டிசம்பரா? டர்பன் கரைக்குப் போக நினைப்பவருக்கு

நீங்கள் கேட்டது இது: பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் போகலாமா, போனால் ஜூனிலா டிசம்பரிலா? புவியியல் படிக்கும் மகள், “அது துணை வெப்பமண்டலக் கரை, சிங்கப்பூர் மாதிரி இருக்காது” என்கிறாள். உங்கள் மாமியாரோ, “அங்கே நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க, தமிழிலேயே சமாளிச்சுடலாம்” என்கிறார். அந்த ஊர் எப்படிப்பட்டது, எதை வைத்துப் பிழைக்கிறது, பார்க்க என்ன இருக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மகள் சொல்வது சரி. மாமியார் சொல்வதில் பாதி சரி. நான் கப்பல் சரக்கு வேலையில் இருப்பவன். டர்பன் துறைமுகத்தில் கப்பல் தாமதமானால் இங்கே என் தொலைபேசி அடிக்கும். அதனாலோ என்னவோ, அந்தக் கரையைப் பற்றி யார் கேட்டாலும் கடலில் இருந்துதான் பேச்சைத் தொடங்குவேன். அங்கே கரும்பு விளைவதற்கும், கரும்பு வெட்ட நம்மவர்கள் போனதற்கும், இன்று வெள்ளம் வந்து வீடுகளை இழுத்துப் போவதற்கும், கரையோரமாக ஓடும் ஒரு வெப்ப நீரோட்டத்தோடு தொடர்பு உண்டு.

மகளிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, தென் அட்சரேகை 29 பாகையை ஒட்டி ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருந்து கிழக்குக் கரை வரை விரலை இழுக்கச் சொல்லுங்கள். மேற்கே போர்ட் நொலோத் என்று ஒரு சிற்றூர். ஆண்டு முழுக்கப் பெய்வதைச் சேர்த்தாலும் 100 மில்லிமீட்டர் தேறாது. மூடுபனி, மணல், சில்லென்ற கடல். கிழக்கே ஏறத்தாழ அதே கோட்டில் டர்பன். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, வாழை, மா, கரும்பு, குளிர்காலத்திலும் இறங்கிக் குளிக்கக்கூடிய கடல். காரணம், மேற்குக் கரையில் தெற்கிலிருந்து வரும் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம். கிழக்குக் கரையில் மொசாம்பிக் பக்கமிருந்து இறங்கும் வெதுவெதுப்பான அகுல்காஸ் நீரோட்டம். வெப்பக் கடல் மேலே உள்ள காற்றில் ஈரத்தை ஏற்றுகிறது. அந்தக் காற்று கரை ஏறி மலையில் மோதி மழையாகிறது.

அகுல்காஸ் சாதாரண நீரோட்டம் அல்ல. நடு ஓட்டத்தில் மணிக்கு 4, 5 கடல் மைல் வேகம் எடுக்கும். தெற்கே போகும் கப்பல்கள் அதன் மேல் ஏறிக்கொண்டு எண்ணெய் மிச்சம் பிடிக்கும். வடக்கே வருபவை கரையை ஒட்டி ஒதுங்கி வரும். தென்மேற்கிலிருந்து புயல்காற்று கிளம்பி நீரோட்டத்துக்கு எதிராக வீசினால்தான் வம்பு. அலைகள் செங்குத்தாக எழும்பும். 1909 ஜூலையில் வாராட்டா என்ற பயணிகள் கப்பல் 211 பேரோடு டர்பனை விட்டுக் கிளம்பியது. கேப் டவுன் போய்ச் சேரவே இல்லை. உடைந்த பாகங்கள்கூட இன்றுவரை உறுதியாகக் கிடைக்கவில்லை. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கியதும் ஆசியா, ஐரோப்பா இடையிலான கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின அல்லவா? அவை இந்தக் கடல் வழியாகத்தான் போயின. அட்டவணைகள் குலைந்து 2024 நடுவில் நம் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் வரிசை கட்டி நின்றது நினைவிருக்கும். அந்தக் கரைக்கும் நமக்கும் உள்ள தூரம் வரைபடத்தில் தெரிவதைவிடக் குறைவு.

சரி, வானிலை. நமக்கு ஆண்டு முழுவதும் ஒரே புழுக்கம். நவம்பருக்குப் பிறகு மழை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். டர்பனில் இரண்டு பருவம் தெளிவாகத் தெரியும். அக்டோபர் முதல் மார்ச் வரை கோடை, மழை, ஜனவரிப் பகலில் 28 டிகிரி. அப்போது போனால் நம்மூர்ப் பொங்கோலில் இறங்கிய மாதிரிதான் வியர்க்கும். ஜூன், ஜூலையில் வானம் துடைத்து வைத்தது போல இருக்கும்; பகலில் 22, 23 டிகிரி, இரவில் 11, 12 வரை இறங்கும். கரையில் உறைபனி கிடையாது. நடுநடுவே உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து சூடான வறண்ட காற்று ஒன்று இறங்கும். அங்கே அதைப் ‘பெர்க் காற்று’ என்பார்கள். நடுக் குளிர்காலத்தில் ஒரு நாள் 30 டிகிரியைத் தாண்டி, மறுநாள் தெற்கிலிருந்து குளிர் வந்து சடாரென்று பாதியாகும். ஒரு ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும்.

நிலத்தின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். குவாசூலு-நேட்டால் மாநிலத்தின் கரை தெற்கே போர்ட் எட்வர்டிலிருந்து வடக்கே மொசாம்பிக் எல்லையில் உள்ள கோசி வளைகுடா வரை நீள்கிறது. பெரும்பாலும் சமவெளி குறுகலானது. உடனே குன்றுகள் தொடங்கிவிடும். கடலிலிருந்து 200 கிலோமீட்டர் தூரத்துக்குள் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர் 3,000 மீட்டருக்கு மேல் நிற்கிறது. அவ்வளவு உயரத்திலிருந்து அவ்வளவு குறுகிய தூரத்தில் இறங்கும் ஆறுகள் எப்படி இருக்கும்? சாதாரண நாளில் கணுக்கால் தண்ணீர், கனமழை நாளில் மண்ணையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு வரும் சேற்றுப் பெருக்கு.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் நடந்தது அதுதான். கடலோரத்தில் ஒரு தாழ்வழுத்தம் நகராமல் நின்று வெப்பக் கடலின் ஈரத்தை உறிஞ்சி ஒரே நாளில் சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1987 செப்டம்பரிலும் இதே போன்ற பேரழிவு நடந்திருக்கிறது; ஆக, மழை புதிது அல்ல. ஆற்றங்கரையிலும் சரிவிலும் தகரத்தையும் பலகையையும் வைத்துக் கட்டிய குடிசைப் பகுதிகள் அதற்குள் பெருகியிருந்தன. செத்தவர்களில் அங்கே இருந்தவர்கள் ஏராளம். டோங்காட் ஊரின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துப் போகப்பட்டு, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. கழிவுநீர் நிலையங்கள் உடைந்து கடற்கரைகள் மூடப்பட்டன. இன்றும் டர்பனில் கடலில் இறங்குமுன் அந்தக் கடற்கரை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குவது நல்லது. நமக்குச் சாக்கடையை யோசிக்காமல் வாழ்ந்து பழக்கம். அங்கே யோசிக்க வேண்டும்.

இப்போது கரும்பு. 1850களில் நேட்டால் பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோது கடலோரத்தில் கரும்பு நட்டார்கள். நிலம் இருந்தது, மழை இருந்தது, ஆள் இல்லை. சூலு மக்களுக்குச் சொந்தமாக மாடும் நிலமும் இருந்தன. வெள்ளைக்காரன் தோட்டத்தில் போய் ஆண்டு முழுவதும் முதுகு ஒடிய வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. அதனால் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையில் இருந்து 342 பேரோடு வந்து சேர்ந்தது. 1911இல் இது நிறுத்தப்படும்வரை மொத்தம் 1,52,184 பேர் வந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆணுக்கு முதலாண்டு மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு.

அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்னும் இருக்கின்றன. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், கடைசியில் உடம்பில் உள்ள அடையாளம். வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் என்று வரிசையாக வரும். குமாஸ்தா ஊர்ப் பெயரைக் காதில் விழுந்த மாதிரி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். எந்த ஊர் என்று கண்டுபிடிக்க வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். தாத்தாவின் அப்பா பெயரையும் பட்டியலில் உள்ள அவரது காலனி எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக் கிராமத்தைத் தேடிப் போகும் டர்பன் குடும்பங்கள் பல. டர்பனில் 1860 பாரம்பரிய மையம் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. மாமியாரை அங்கே கட்டாயம் கூட்டிப் போங்கள். கடற்கரையைவிட அவருக்கு அது பிடிக்கும் என்பது என் கணிப்பு.

கரும்பைப் பற்றி இன்னொரு செய்தி. இதை டர்பன்காரர்களிலேயே பலர் அறிந்திருக்க மாட்டார்கள். கரும்பில் புதிய ரகம் உருவாக்க அது பூத்து, மகரந்தம் நன்றாக இருந்து, விதை பிடிக்க வேண்டும். நேட்டாலின் குளிர்ந்த இரவுகளில் அது சரிவர நடக்காது. கோயம்புத்தூரில் நடக்கும், 1912இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டதற்கே அதுதான் ஒரு காரணம். ஆக, கோவையில் கலப்புச் செய்த கரும்பு விதை நேட்டாலுக்குப் போய், மவுன்ட் எட்ஜ்கோம் ஆராய்ச்சி நிலையத்தில் நாற்றாகி, தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்படி வந்த ‘என்கோ 310’ என்ற ரகம் 1940களின் நடுவில் வெளியாகி, நேட்டால் வயல்களைப் பிடித்தது மட்டுமல்லாமல் தைவான், ஒக்கினாவா வரை போனது. பெயரில் உள்ள ‘என்’ நேட்டால், ‘கோ’ கோயம்புத்தூர். ஆட்கள் போய் எண்பது ஆண்டு கழித்து விதையும் போயிருக்கிறது.

அங்கே கரும்பு மெதுவாக வளரும். குளிர் இருப்பதால் வெட்ட ஓர் ஆண்டுக்கு மேல், சில இடங்களில் ஒன்றரை ஆண்டுகூட ஆகும். ஏப்ரலில் இருந்து டிசம்பர் வரை ஆலை ஓடும். வெட்டுவதற்கு முன் சோகையை எரிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஜூனில் வடக்குக் கரைப் பக்கம் போனால் காயப்போட்ட துணியில் கரித்துகள் விழும். நாட்டின் சர்க்கரை உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் டன். பெரும் பங்கு இந்த மாநிலத்தில் இருந்துதான். ஆனால் கரும்பின் நல்ல காலம் முடிந்துவிட்டது என்பது என் கருத்து. டர்பனுக்கு வடக்கே உம்ஷ்லாங்கா பக்கம் பாருங்கள், கரும்புக் காடு இருந்த இடமெல்லாம் பேரங்காடி, வேலி போட்ட குடியிருப்பு, கிடங்கு. 2010இல் திறந்த கிங் ஷாக்கா விமான நிலையமே கரும்பு வயல்களுக்கு நடுவில்தான்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் என்ன ஆனார்கள்? சிலர் திரும்பினார்கள். பெரும்பாலோர் தங்கி, காய்கறி பயிரிட்டார்கள், மீன் பிடித்தார்கள், ரயில்வேயிலும் நகராட்சியிலும் வேலை செய்தார்கள். தங்கியவர்கள் மேல் 1895இல் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி போட்டார்கள். மாதச் சம்பளமே பத்துப் பதினைந்து ஷில்லிங் என்றால் அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி, முதலாளி அடித்துப் பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி டர்பனில் காந்தியின் அறைக்குள் வந்து நின்றது 1894இல். 1913 வேலைநிறுத்தம் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கி இந்தக் கடலோரக் கரும்புத் தோட்டங்களுக்கு இறங்கியபோதுதான் அரசு ஆடிப்போனது. மறு ஆண்டு அந்த வரி போனது. தில்லையாடி வள்ளியம்மை கைதாகி இருந்தது பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில், டர்பனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று, ஜொகானஸ்பர்க்கில் பதினாறு வயதில் இறந்தார்.

பிறகு இன ஒதுக்கல் காலம். 1950இல் வந்த சட்டம் யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்தது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் தோட்டம் போட்டிருந்தவர்கள், மேகசின் பேரக்ஸில் நகராட்சி வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் 1960களில் சாட்ஸ்வொர்த் என்ற புதிய நகருக்குத் தள்ளப்பட்டார்கள். 1970களில் ஃபீனிக்ஸ். நம் பெற்றோர் கம்பத்து வீட்டை விட்டு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குப் போன அதே காலம். அங்கே நிறத்தைப் பார்த்து ஒதுக்கினார்கள், இங்கே எல்லா இனத்தையும் ஒரே புளோக்கில் கலந்து வைத்தார்கள். இதை மகள் வகுப்பில் பேசினால் நல்ல விவாதம் வரும்.

மாமியார் எதிர்பார்க்கும் தமிழ்? கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி, படையாச்சி, செட்டி என்று கடைப் பலகை முழுக்கப் பெயர் பார்ப்பீர்கள். “வணக்கம்” என்றால் புன்னகையோடு “வணக்கம்” என்பார்கள். அதற்கு மேல் ஆங்கிலம்தான். வயதானவர்கள் சிலர் பேசுவார்கள். இளையவர்களுக்குத் தேவாரம் ஆங்கில எழுத்தில் அச்சடித்து வைத்திருப்பார்கள், பாடுவார்கள், பொருள் தெரியாது. நம்மூர்க்காரர்கள் சிலர் இதைப் பார்த்துவிட்டு, “மொழியை விட்டுட்டாங்க” என்று முகம் சுளிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. நமக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வந்துகொண்டே இருந்தது. பெண் எடுக்க ஊருக்குப் போய் வந்தார்கள், பத்திரிகை வந்தது, படம் வந்தது. பிறகு தமிழ் ஆட்சிமொழியாகி, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. அவர்களுக்கு 1911க்குப் பிறகு ஒப்பந்தக் கப்பல் நின்றது. 1946இல் இந்தியா அங்கிருந்த இனப் பாகுபாட்டைக் கண்டித்து வணிக உறவையே முறித்துக்கொண்டது. பள்ளி ஆங்கிலத்தில், தமிழ் கோயில் திண்ணையில். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பில் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளுள் ஒன்றாகத் தமிழின் பெயர் இருக்கிறது. காகிதத்தில் இருப்பதற்கும் வகுப்பறையில் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

மொழி போன இடத்தில் கோயில் நின்றது. தைப்பூசக் காவடி உண்டு, ஆடிக் கூழ் உண்டு, புரட்டாசியில் கவுச்சி தொடாத வீடுகள் இங்கே இருப்பதைவிட அதிகமாகக்கூட இருக்கும். தெருக்கூத்தையும் வைத்திருந்தார்கள். எனக்கு வியப்பாக இருப்பது புனித வெள்ளி. டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோவில் உள்ள மாரியம்மன் கோயிலில் பெருந்திருவிழா புனித வெள்ளியை ஒட்டி நடக்கும்; ஆயிரக்கணக்கில் குவிவார்கள். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் நாம் ஐப்பசியில் தீ மிதிக்கிறோம். அங்கே பல கோயில்களில் ஈஸ்டர் சமயத்தில். தோட்டத்தில் எல்லாருக்கும் சேர்ந்து விடுமுறை கிடைத்த நாட்கள் அவை. அம்மனும் அதற்கு ஒத்துக்கொண்டாள்.

சாப்பாடு விஷயத்துக்கு வருகிறேன். டர்பன் கறி சிவப்பு. தேங்காய்ப்பால் கிடையாது, மிளகாய்த்தூள் தூக்கலாக இருக்கும், உருளைக்கிழங்கு கட்டாயம். ‘பன்னி சாவ்’ என்பது முயல் அல்ல, மாமியாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெட்டாத ரொட்டியில் கால் பகுதியை நறுக்கி, நடுவில் உள்ள மெத்தென்ற பாகத்தைத் தோண்டி எடுத்து, குழிக்குள் ஆட்டுக்கறியோ அவரைக்கொட்டைக் கறியோ ஊற்றி, தோண்டிய பாகத்தை மேலே மூடி போல வைத்துத் தருவார்கள். பக்கத்தில் துருவிய கேரட், வெங்காயம், பச்சை மிளகாய். அந்த மூடியை முதலில் கறியில் தோய்த்துத் தின்ன வேண்டும். சுவரைப் பிய்த்துப் பிய்த்துக் கடைசியில் அடிப்பாகத்துக்கு வரும்போது குழம்பு ஊறி அது தனி ருசி. கரண்டி கேட்டால் வெளியூர் என்று தெரிந்துவிடும். யார் கண்டுபிடித்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை. எதையும் நம்ப வேண்டாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. டர்பனை நம்மூர் லிட்டில் இந்தியாவான தேக்காவின் பெரிய பதிப்பாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இது சூலு நாடு. மாநிலத்தில் ஐந்தில் நான்கு பேருக்கு வீட்டுமொழி சூலு. இந்திய வம்சாவளியினர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. நகராட்சியின் பெயரே எத்தெக்வினி. மாநில நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூலு மன்னர் அறங்காவலராக இருக்கும் அறக்கட்டளையின் கையில். 1879 ஜனவரி 22 அன்று இசாண்டில்வானாவில் பிரிட்டிஷ் படையைத் தோற்கடித்த மக்கள் இவர்கள். நகருக்கு வடக்கே இனாண்டா என்ற பகுதியில் சில கிலோமீட்டருக்குள் மூன்று இடங்கள்: காந்தி 1904இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு, ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் முதல் தலைவர் ஜான் டூபே நிறுவிய ஓலாங்கே பள்ளி, ஐசையா ஷெம்பே தொடங்கிய சூலு கிறிஸ்துவ சபையின் தலைமையிடம். மண்டேலா 1994 ஏப்ரல் 27 அன்று தன் முதல் வாக்கைப் போட வந்தது அந்த ஓலாங்கே பள்ளிக்கு. காந்தி குடியிருப்புக்கு மட்டும் போய்ப் படம் எடுத்துவிட்டுத் திரும்புபவர்கள் பக்கத்து வாசலைப் பார்க்காமல் வருகிறார்கள்.

இரு சமூகத்துக்கும் இடையே எல்லாம் சுமுகம் என்று சொன்னால் அது பொய். 1949 ஜனவரியில் டர்பனில் நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். 2021 ஜூலையில் முன்னாள் அதிபர் ஸூமா சிறைக்குப் போனதை ஒட்டிக் கொள்ளையும் தீவைப்பும் வெடித்தன; இந்த மாநிலத்திலும் ஜொகானஸ்பர்க் பக்கத்திலுமாக 350க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இந்திய வம்சாவளியினர் வாழும் ஃபீனிக்ஸ் நகரில் தெருவைக் காக்கத் தடுப்பு போட்டவர்கள் கையால் கறுப்பின மக்கள் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். நம்மவர்கள் பக்கம் மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். பாதுகாப்பு பற்றிக் கேட்டதால் சொல்கிறேன்: இருட்டிய பிறகு நகர மையத்தில் நடக்க வேண்டாம், கார் கண்ணாடியை ஏற்றி வையுங்கள், கைப்பேசியை நம்மூர் எம்ஆர்டி ரயிலில் வைத்திருப்பது போலக் கையில் ஆட்டிக்கொண்டு போக வேண்டாம். பகலில் கடற்கரை நடைபாதையும் விக்டோரியா தெருச் சந்தையும் தாராளமாகப் போகலாம்.

துறைமுகம் என் தொழில். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன். டர்பன் வளைகுடாவின் வாயில் அந்தக் காலத்தில் ஒரு மணல் திட்டு. கரையோர அலை தெற்கிலிருந்து வடக்கே மணலை ஓயாமல் தள்ளிக்கொண்டு வரும். தோண்டத் தோண்ட மூடிக்கொள்ளும். பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரம் போட, பயணிகளைக் கூடையில் உட்கார வைத்து இழுவைப் படகில் இறக்கினார்கள். 1904இல்தான் முதல் பெரிய அஞ்சல் கப்பல் நேராக உள்ளே வந்தது. இன்றும் தெற்குப் பக்கம் சேரும் மணலை அள்ளி வடக்குக் கடற்கரைகளுக்குக் குழாயில் பாய்ச்சுகிறார்கள். அதை நிறுத்தினால் ஹோட்டல்கள் முன் உள்ள மணல் கரைந்துவிடும். ஆண்டுக்கு 25 முதல் 30 லட்சம் கன்டெய்னர் கையாளும் துறைமுகம் இது, நாம் 2024இல் கையாண்டது 4.1 கோடி. அளவைவிட வேகம்தான் பிரச்சினை. பழைய பாரந்தூக்கிகள், பராமரிப்புக் குறைவு, காற்று அடித்தால் வேலை நிற்கும். 2023 நவம்பரில் பல பத்துக் கப்பல்கள் வெளியே நின்றன. வடக்கே ரிச்சர்ட்ஸ் பே நிலக்கரி முனையமும் அப்படித்தான். கப்பலும் தயார், நிலக்கரியும் தயார், ரயில் வராது. 2017இல் 7.6 கோடி டன் ஏற்றியவர்கள் 2023இல் 4.7 கோடிதான் ஏற்றினார்கள்.

இயற்கை பற்றி மகள் கேட்டதில் எனக்குப் பிடித்தது மத்தி ஓட்டம். மே கடைசி முதல் ஜூலை வரை தெற்கே இருந்து மத்தி மீன்கள் கோடிக்கணக்கில் கரையை ஒட்டி வடக்கே வரும். நீரோட்டம் தெற்கே ஓட, கரைக்கும் நீரோட்டத்துக்கும் நடுவே குளிர்ந்த நீர் ஒரு பட்டையாக உருவாகும். அதற்குள் சிக்கி வருகின்றன. பின்னாலேயே டால்பின், சுறா, வானத்திலிருந்து விழும் கேனட் பறவைகள். கரையில் பறவை விழுவதைப் பார்த்ததும் படகில் வலையைப் போட்டு வளைத்து, மணலில் நின்று இழுப்பார்கள். அந்த வலைத்தொழில் பெரும்பாலும் இந்தியக் குடும்பங்களிடம். ஒரு காலத்தில் டர்பன் வளைகுடாவில் சாலிஸ்பரி தீவில் குடியிருந்த தமிழ் மீனவர்கள் இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்காக வெளியேற்றப்பட்டார்கள், தொழில் மட்டும் தொடர்ந்தது. கரையிலேயே பெட்டிக் கணக்கில் விற்பனை. முதல் வலை மீன் தங்க விலை, மறுநாள் பாதி. 2021இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, இந்த மீன்கள் குளிர்ந்த அட்லாண்டிக் வகையைச் சேர்ந்தவை, வெப்பக் கடலுக்கு வந்து அவற்றுக்கு எந்தப் பயனும் இல்லை, குளிர்நீர் காட்டிய வழியில் வந்து மாட்டிக்கொள்கின்றன என்கிறது. கடல் சூடாகிக்கொண்டே போனால் ஓட்டம் குறையும். சூடான ஆண்டுகளில் ஏற்கெனவே கண்ணில் படுவதில்லை.

டர்பன் கடற்கரையில் 1952 முதல் சுறா வலை போட்டிருக்கிறார்கள். குளிப்பவர்களுக்கு நிம்மதி, ஆனால் அதே வலையில் டால்பினும் ஆமையும் மாட்டிச் சாகின்றன. மத்தி வரும் சமயத்தில் வலையை எடுத்துவிடுவார்கள், அப்போது பல இடங்களில் குளிக்கத் தடை. ஜூனில் போனால் இதை மனதில் வையுங்கள்.

வடக்கே மூன்று மணி நேரம் போனால் செயின்ட் லூசியா. இசிமங்காலிசோ ஈரநிலப் பூங்கா, 1999இல் உலக மரபுடைமைத் தலம் ஆனது. கழிமுகத்தில் நீர்யானையும் முதலையும் ஒரே இடத்தில். இரவில் நீர்யானை ஊருக்குள் வந்து வீட்டு முன் புல் மேயும், அறிவிப்புப் பலகையே இருக்கிறது. அங்கே உள்ள உயர்ந்த மணல்மேடுகளில் டைட்டானியம் தாது உண்டு. தோண்டலாமா என்று ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்து, 1996இல் அரசு வேண்டாம் என்றது. இன்னும் வடக்கே சோட்வானா வளைகுடா. டைனோசர்களோடு அழிந்துவிட்டதாக 1938 வரை நினைத்திருந்த சீலகாந்த் மீனை 2000 அக்டோபரில் முக்குளிப்பவர்கள் அங்கே ஆழ்கடல் பள்ளத்தாக்கில் உயிரோடு பார்த்தார்கள். சுங்கை பூலோவில் நீர்நாய் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கரை ஒரு வாரத்துக்குப் போதாது.

அப்புறம், ஜூனா டிசம்பரா? டிசம்பரில் ஆமைகள் முட்டையிட வடகரைக்கு வரும், மாம்பழம் கிடைக்கும். ஆனால் மழை, புழுக்கம், உள்நாட்டுக் கூட்டம் மொத்தமும் டர்பன் கடற்கரையில், அறை வாடகை எகிறும். ஜூனில் வானம் தெளிவு, கரும்பு வெட்டு, மத்தி ஓட்டம் வாய்த்தால் வாய்க்கும், திமிங்கிலங்கள் கரையோரமாக வடக்கே போகத் தொடங்கியிருக்கும், டிராக்கன்ஸ்பர்க் உச்சியில் பனிகூடப் பார்க்கலாம். நான் ஜூன் என்பேன். வழியில் விமானம் மாற வேண்டும், பெரும்பாலும் ஜொகானஸ்பர்க்கில். நேரம் நமக்கு ஆறு மணி பின்னால். டர்பனில் மூன்று நாள், செயின்ட் லூசியாவில் மூன்று நாள், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியாக மலைக்கு இரண்டு நாள். மாமியாருக்குத் திருவிழா பார்த்தே ஆக வேண்டும் என்றால் மட்டும் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, புனித வெள்ளியை ஒட்டி விடுப்பு எடுத்து இசிபிங்கோவுக்குப் போங்கள். பிள்ளைக்குப் பள்ளியில் சில நாள் விடுப்புக் கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும்.